மேனிக்கு நிறம் வேண்டுமோ?

நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார். தாம் அறிந்த பொருளை மற்றையோன் அறிவானோ எனச் சோதித்தற்குக் கேட்பது அறிவினா. அறியாததனை அறிதற்குக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ எனத் துணிவு பிறவாது கேட்பது ஐயவினா. ஒன்றைக் கொள்ளுதற்குக் கேட்பது கொளல்வினா. கொடுத்தற்குக் கேட்பது கொடைவினா. கேட்பதுபோல நின்று பிறனை ஒரு தொழிலிலே தூண்டுவது ஏவல்வினா. இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர் இக்காலத்தில் உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. நகரத்து மருந்துக்கடை ஒன்றின் வாயிலில் அரைமணி நேரம் நின்றால் ஆறும் வந்துசேரும். "முகத்தில் ஏன் இப்படிப் பரு வருகிறது?" என்பது அறியாவினா. "இந்தக் கிறீம் நல்லதோ, மற்றது நல்லதோ?" என்பது ஐயவினா. "ஏழு நாளில் வெளுக்கிறது ஒன்று இருக்கிறதா?" என்பது கொளல்வினா. "இதனோடு ஒரு சவர்க்காரமும் தரட்டுமா?" என்று கடைக்காரர் கேட்பது கொடைவினா. "உங்கள் தோல் எவ்வகைத் தோல் என்று தெரியுமா?" என விற்பனைப் பெண் கேட்பது, விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் அறிவினா. சுவரிலே ஒட்டிய விளம்பரத்திலிருந்து ஒரு நங்கை சிரித்தபடி, "நீங்கள் இன்னும் பூசத் தொடங்கவில்லையா?" என்கின்றாளே, அதுதான் ஏவல்வினா. அறுவகையுள்ளும் வலிமை மிக்கது அதுவே.

இவ்வினாக்களை எள்ளுதல் நம் நோக்கமன்று. உடம்பைப்பற்றி வினாவுதல் உடம்பு படைத்தார்க்கு இயல்பு. பொடுகு, வியர்க்குரு, தேமல், குதிவெடிப்பு, முகப்பரு என இவை பெரிய நோய்கள் அல்ல. ஆயினும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நெற்றியிலே எழுந்த ஒரு பரு, பரீட்சையிலும் பெரிய கவலையாகிவிடுகின்றது. வீட்டிலே கேட்கக் கூசியதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலே கேட்கின்றனர். தமிழ் கற்பிப்பவருக்கு நாட்டு மருந்தும் தெரிந்திருக்கும் என்று ஓர் எண்ணம் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றது. பண்டிதரே பரியாரியாராகவும் விளங்கிய காலத்தின் எச்சம் அது.

ஆயின், இவ்வினாக்களுள் ஒன்றுமட்டும் மற்றவற்றினின்றும் வேறானது. பருவும் பொடுகும் தேமலும் உடம்பிலே தோன்றிய கோளாறுகள். கோளாற்றுக்கு மருந்து கேட்பது முறை. "நிறம் வருவதற்கு என்ன பூசலாம்?" என்பதோ, நோயல்லாத ஒன்றுக்கு மருந்து கேட்பது. நோயல்லாததற்கு மருந்து கொடுக்கப் புகுந்தவன் நோயைத்தான் கொடுக்கமுடியும். இஃது அணிநயத்துக்காகச் சொல்லியதன்று. எழுத்துக்கு எழுத்து உண்மை என்பதைக் கீழே காண்போம். அதற்குமுன் அவ்வினாவிலுள்ள சொல்லை நோக்குதல் வேண்டும்.

"நிறம் வருதல்" என்றால் என்னை? கரியவனிடம் நிறம் இல்லையா? நிறம் என்பது வண்ணம் அனைத்துக்கும் பொதுப்பெயர். அப்பொதுப்பெயரை ஒரு வண்ணத்துக்கே உரித்தாக்கி, "பெண் நல்ல நிறம்" என்றால் வெள்ளை என்று பொருள்கொள்ளும் வழக்கு எப்படியோ நம்மிடையே நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் பேச்சிலே சிவலை, பொதுநிறம், கறுவல் என மூன்று படி உண்டு. பொதுநிறம் என்னும் சொல் உண்மையில் நல்ல சொல். நம்மில் மிகப் பலரைக் குறிப்பதனால் அது பொதுவாயிற்று. ஆனால் மணமகள் தேவை விளம்பரத்திலே அது மன்னிப்புக் கேட்பதுபோல ஒலிக்கின்றது. மகள் பொதுநிறம் என்று எழுதிய தந்தை, அடுத்த தொடரிலே சீதனத்தைப்பற்றி எழுதுகின்றார். முதற்றொடருக்கும் இரண்டாந் தொடருக்கும் உள்ள சம்பந்தம் யாவரும் அறிந்ததே.

பழைய நூல்களிலே நிலைமை வேறு. உரியியலிலே தொல்காப்பியர் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களையும் இணைத்து, இரண்டும் வெகுளி குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் என்றார். உயர்வு தாழ்வு கற்பியாது, சொற்றொழிலால் இரண்டையும் ஒரு தட்டிலே வைத்தார். சங்கச் செய்யுளிலே தலைவியின் மேனியழகுக்கு மாமை என்று பெயர். மாமைக்குக் கருமை என்றும் பொருள் உண்டு. அழகு என்றும் பொருள் உண்டு. ஒரு சொல்லுக்குள்ளே அவ்விரண்டும் சண்டையின்றிக் குடியிருந்தன. தலைவன் பிரிந்தபோது அம்மாமை கெட்டு, மேனி வெளிறி, பசலை படர்ந்தது எனப் பாடினர். பசலை அக்காலத்தார்க்கு நோய். திருக்குறளின் காமத்துப்பாலில் பசப்புறுபருவரல் என அதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அன்று தலைவி எதனைக் கண்டு அழுதாளோ, அதனை இன்று அவள் பேர்த்தி காசு கொடுத்து வாங்குகின்றாள்.

இதனால், பழந்தமிழர் கருமையொன்றையே போற்றினர் என்று வாதிடுவது மிகையாகும். பொன்னை ஒத்த மேனியும் பாடப்பட்டது. மாயோனும் சேயோனும் ஒருங்கே வழிபடப்பட்டனர். சொல்ல வந்தது இவ்வளவே: நிறத்தை இழத்தல் அழகு என்னும் கொள்கை நம் இலக்கியத்திலிருந்து வந்ததன்று. (தோல் என்னும் சொல்லையோ தொல்காப்பியர் செய்யுளின் வனப்பு எட்டனுள் ஒன்றுக்குப் பெயராக்கினார். அவ்வனப்பு எந்தக் குப்பியிலும் விற்கப்படுவதன்று.)

இனி, உடல் நூலார் கூறுவதைக் கேட்போம். வெள்ளையர்க்கும் கரியர்க்கும் தோலிலே நிறமியை ஆக்கும் கலங்களின் தொகை ஏறக்குறைய ஒன்றே. அக்கலங்கள் ஆக்கும் மெலனின் என்னும் நிறமியின் அளவும், வகையும், அது பொதிகளாகப் பரந்து நிற்கும் முறையுமே வேறுபடும். வெயிலிலுள்ள ஊதாக் கடந்த கதிர்கள் கலத்தின் உட்கருவைச் சிதையாதபடி மெலனின் அதன்மேற் குடையாக விரிந்து நிற்கின்றது. நிலநடுக்கோட்டை அண்டி வாழும் மக்கள் கரியராய் இருப்பதற்குக் காரணம் இதுவே. தோற்புற்று கரிய மக்களிடையே அரிதாகவும், வெள்ளை மக்கள் குடியேறிய அவுஸ்திரேலியா போன்ற வெயில் நாடுகளிலே மிகுதியாகவும் காணப்படுவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுவே. ஆகவே வடக்கிலும் கிழக்கிலும் வெயிலிலே பள்ளிக்கூடம் நடந்து செல்லும் பிள்ளையின் கருமை குறையன்று, அது கொடை.

அக்குடையை மடக்குவது எங்ஙனம்? மெலனின் உண்டாதற்குத் தைரோசினேசு என்னும் நொதியம் வேண்டும்; அந்நொதியம் தொழிற்படுதற்குச் செம்பு வேண்டும். பாதரசத்தின் உப்புக்கள் அந்நொதியத்தை முடக்கும். நிறமி உண்டாதல் குறையும். மேற்றோல் ஏறத்தாழ நான்கு கிழமையில் ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. ஆதலின் சில கிழமைகளுக்குள்ளே முகம் வெளுத்ததைக் கண்டு பூசியவள் மகிழ்கின்றாள். விளம்பரம் பொய்யன்று, வெளுக்கத்தான் செய்கின்றது. அதிலேதான் ஆபத்து இருக்கின்றது. பயன் தராத மருந்தை மக்கள் தாமே விட்டுவிடுவர். பயன் தரும் நஞ்சை விடார்.

இவ்வுப்புக்களுட் பெயர்பெற்றது கலோமல். நம் சித்த வைத்தியர் பூரம் என்று வழங்கியது இதுவே. அதற்கு உடன்பிறப்பான வீரம் இன்னும் கொடியது. இரண்டையும் பாஷாண வரிசையிலே வைத்துத்தான் அவர் எண்ணினர். சுத்திசெய்யாது தொடலாகாது என்றனர். அவர்தம் சுத்தி முறைகள் போதுமா என்பது வேறு வாதம். நஞ்சை நஞ்சு என்று பெயரிட்டு அழைக்கும் நேர்மையாவது அவரிடம் இருந்தது. இக்காலத்துக் குப்பியிலோ முத்து என்றும், பனி என்றும், நிலவு என்றும் பெயர். உள்ளே இருப்பதைப்பற்றி ஒரு வரியும் இல்லை.

தோலின்மேற் பூசியது தோலோடு நின்றுவிடும் என்பது பலர் எண்ணம். பாதரசம் தோலை ஊடுருவி இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்திலே தங்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கல்லில் வைத்தியர் கண்டது ஈண்டு நினைத்தற்கு உரியது. 2021 யூலை முதல் 2023 செப்ரெம்பர் வரையான காலத்தில், சிறுநீரகத்தின் வடி சவ்வு பழுதுற்றுப் புரதம் ஒழுகும் நோயுடையோர் 22 பேர் அவர்களிடம் வந்தனர். அவருள் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அரிய உட்பிரிவு ஒன்று. ஏன் இத்தனை பேருக்கு இஃது ஒருங்கே வந்தது எனத் துருவி வினாவியபோது, அப்பதினைந்து பேருள் 13 பேர் முகம் வெளுக்கும் கிறீம் பூசியவர் எனத் தெரியவந்தது. பூசுவதை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினர். மலையாள நாடு நமக்குத் தொலைவன்று. நிறத்தைப்பற்றிய எண்ணத்திலே இன்னும் அண்மை. 2019 இல் கலிபோர்னியாவின் சக்ரமென்ரோவில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்தது இதனினும் கொடியது. அவள் பூசிய கிறீமிலே இருந்தது மெதைல் பாதரசம். அது மூளையைத் தாக்க, அவள் நினைவிழந்து கிடந்தாள்.

மெதைல் பாதரசம் என்றதும் மினமாட்டா நினைவுக்கு வரும. யப்பானின் கியூசூத் தீவிலுள்ள அக்கடற்கரை ஊரிலே, தொழிற்சாலைக் கழிவோடு கடலிற் சேர்ந்த பாதரசம் மீனிலே ஏறி, மீனை உண்டவரின் நரம்பைச் சிதைத்தது. முதலிற் பூனைகள் வெறிகொண்டு ஆடிச் செத்தன. 1956 இல் மக்களிடத்து அந்நோய் அறியப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2013 இல் நிறைவேறி, 2017 ஒகஸ்ற் 16 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதிலே சேர்ந்த நாடு. கிலோகிராம் ஒன்றில் ஒரு மில்லிகிராமுக்கு மேற் பாதரசம் கொண்ட பூச்சுக்கள் 2020 உடன் ஒழியவேண்டும் என்று முதலில் வரையறுத்தனர். 2023 இல் செனீவாவிற் கூடியபோது அவ்வளவையும் நீக்கி, பாதரசம் சேர்த்த பூச்சு எதுவும் 2025 உடன் நிற்கவேண்டும் என்று முடிவு செய்தனர். ஆயினும் பல நாடுகளிற் பரிசோதித்த குப்பிகள் சிலவற்றிலே அவ்வளவின் ஆயிரக்கணக்கான மடங்கு பாதரசம் காணப்பட்டுள்ளது. உடன்படிக்கை அரசுகளைக் கட்டும். பயணப்பெட்டியிலே உறவினர் கொண்டுவருவதையும் கைத்தொலைபேசியிலே பார்த்துத் தருவிப்பதையும் அது கட்டுவது அரிது.

பாதரசம் இல்லாத குப்பியும் தீங்கற்றது என்பதற்கில்லை. குளோபெற்றசோல், பீற்றாமெதசோன் முதலிய ஸ்ரெரொயிட் மருந்துகளைச் சேர்த்த கிறீம்களும் விற்பனையாகின்றன. கரப்பான் முதலிய நோய்களுக்கு வைத்தியர் அளவறிந்து கொடுக்கும்போது அவை அரிய மருந்துகள். அவற்றையே முகத்துக்கு நாள்தோறும் மாதக்கணக்காகப் பூசினால் தோல் மெலியும், இரத்தக் குழாய்கள் சிவந்து தோன்றும், மயிர் முளைக்கும், பரு பெருகும். நிறுத்தினாலோ முகம் எரிந்து சிவக்கும். அவ்வெரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் பூசுவர். குடிகாரன் நிலைக்கும் இதற்கும் வேற்றுமை சிறிது.

இன்னொரு தீமையை ஆசிரியர்கள் சிறப்பாகக் கவனித்தல் நலம். முகத்திலோ கையிலோ வெளிறிய ஒரு தழும்பு தோன்றினால், அது தேமலாயிருக்கலாம். தேமல் ஒருவகைப் பூஞ்சணத்தால் வருவது, மருந்துக்கு எளிதில் ஆறுவது. தொடுகை உணர்ச்சி குன்றிய வெளிறிய தழும்பாயின் அது தொழுநோயின் முதற்குறியாகவும் இருக்கலாம். தொழுநோய் 1995 இலேயே பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையைக் கடந்துவிட்டதாக இந்நாட்டிலே கணிக்கப்பட்டது. ஆயினும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் காணப்படுகின்றனர்; அவருட் பள்ளிச் சிறுவரும் உளர். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவிலே நோயாளரை ஒதுக்கிவைத்த காலம் போய்விட்டது. இன்று அரசினர் இலவசமாகத் தரும் மாத்திரைகளால் முற்றாகக் குணமாகின்றது. ஆனால் தழும்பின்மேல் நிறம் சமனாகட்டும் என்று ஆறுமாதம் கிறீம் பூசி மறைத்த பிள்ளைக்கு, அந்த ஆறுமாதத்திலே நரம்பு கெட்டுவிடக்கூடும். கெட்ட நரம்பை மாத்திரை மீட்டுத்தராது.

நிறமி தானாகவே அற்று வெண்புள்ளி விழுந்தவரை நம்மவர் எப்படி நடத்துகின்றனர் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அது தொற்றாத நோய். தொழுநோயோடு அதற்கு எவ்வித உறவும் இல்லை. அங்ஙனமாகவும் வெண்குட்டம் என்று பெயரிட்டு, பந்தியிலே பக்கத்தில் இருக்கக் கூசுவர். தானாக வெளுத்தால் அருவருப்பு. விலைகொடுத்து வெளுத்தால் அழகு!

இவ்வளவும் சொன்னால், "ஆகவேதான் நாங்கள் இயற்கைப் பொருளையே பாவிக்கின்றோம்" என்று சிலர் உடனே எழுந்து நிற்பர். இயற்கை என்பது இக்காலத்திலே ஒரு மந்திரம். இரசாயனம் என்றால் நஞ்சு, இலை என்றால் அமுதம் என்று இரு பெட்டியிலே உலகத்தை அடைத்துவிடுகின்றனர். பாதரசமும் இயற்கைப் பொருள்தான், மண்ணிலிருந்து எடுப்பதே. எட்டிக்காயும் அலரிவிதையும் இயற்கைதாம். அலரிவிதையின் இயற்கையை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகளிற் கேட்டறியலாம்.

தேசிக்காயை எடுத்துக்கொள்வோம். தேசிப்புளியை முகத்திலே தேய்த்தால் வெளுக்கும் என்று எவரோ சொல்ல, தேய்த்துவிட்டு வெயிலிலே புறப்படும் பிள்ளைகள் உளர். தேசிக்காயின் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கொப்புளம் ஆக்கும்; ஆறியபின்னர் கரும்பழுப்புத் தழும்பு கிழமைக்கணக்காக நிற்கும். வெளுக்கப் பூசியது கறுக்கச் செய்தது என்று வருந்துவோர்க்கு இதுவே காரணம். வேப்பெண்ணெய் புறத்தே பூசுதற்கு ஏற்றதே. அதனைக் குழந்தைக்கு உள்ளே கொடுத்து, வாந்தியும் வலிப்பும் கண்டு ஈரலும் மூளையும் கெட்ட செய்தியை மலேசிய வைத்தியர்கள் 1981 இலே எழுதினர்.

குப்பைமேனியோ பெயராலேயே நம்மைக் கவர்வது. குப்பையான உடம்பையும் மேனியாக்குவது என்று அதன் பெயருக்குக் காரணம் சொல்வர். சொல்லாராய்ச்சிக்கு அஃது இனிது. சொல்லாராய்ச்சி வைத்தியம் ஆகாது. நம் நாட்டிலேயே அவ்விலையைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்த சிலருக்கு இரத்தத்தின் செங்கலங்கள் உடைந்து உயிருக்கே இடர் நேர்ந்ததை 1996 இல் இலங்கை வைத்தியர்கள் பதிவு செய்தனர். குளுக்கோசு-6-பொசுபேற்று டிஹைட்ரொஜினேசு என்னும் நொதியம் பிறவியிலேயே குறைந்தவர்க்கு அவ்விலை ஆகாது. அக்குறையுடையோர் தமக்கு அஃது உண்டு என்பதையே அறியாது ஆயுள் முழுவதும் வாழக்கூடும். ஒருவனுக்கு உணவாவது மற்றொருவனுக்கு நஞ்சாதல் இவ்வாறு.

மஞ்சளின் கதை வேறு. மஞ்சளிலே குற்றமில்லை, மஞ்சளை விற்பவனிடமே குற்றம். வங்காளதேசத்திலே கிழங்கு பளிச்செனத் தோன்றவேண்டும் என்று ஈயக் குரோமேற்று என்னும் மஞ்சட் சாயத்தை ஏற்றினர். அவ்வீயம் கருப்பிணிகளின் இரத்தத்திலே தோன்றியதை 2019 இல் ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். அரசினர் விழித்துக்கொண்டு கடைகளைச் சோதித்துத் தண்டம் விதித்தனர். 2021 அளவிலே சந்தை மஞ்சளில் அக்கலப்படம் காணப்படவில்லை. செய்ய நினைத்தால் இரண்டே ஆண்டிற் செய்யலாம் என்பதற்கு இது சான்று. 2020 இல் நம் நாட்டில் இறக்குமதி தடைப்பட்டு மஞ்சள் விலை ஏறி, கடல்வழியே கடத்தி வந்தபோது, அந்த மஞ்சளை எவர் சோதித்தார்? வளவிலே நட்டுக் கிண்டியெடுத்து அவித்துக் காயவைத்த மஞ்சளைப் பூசுவார்க்கு இவ்வச்சம் இல்லை.

நம் முன்னோர் வழக்கங்களுள் வைத்துக்கொள்ளத்தக்கன பல. பயற்றம்மாவும் சீயாக்காயும் அழுக்கை மென்மையாக நீக்குவன. தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத்தன்மை உடையது. கட்டிச் சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. பெயரின் ஈற்றிலேயே காரம் நிற்கின்றது. நாளுக்கு மூன்றுதரம் முகத்துக்குச் சவர்க்காரம் போடுகின்றவர் தோலின் காப்பைத் தாமே கழுவிவிடுகின்றார். பின்னர் வறட்சிக்கு ஒரு குப்பி வாங்குகின்றார். எண்ணெய் முழுக்கு வறண்ட தோலுக்கு நன்று. ஆயின் எண்ணெய் வடியும் முகத்தில் பரு உடையவர்க்கும், பொடுகு மிக்கவர்க்கும் அது நன்றன்று. பொடுகுக்குக் காரணமான பூஞ்சணம் கொழுப்பை உண்டு வளர்வது. (ஆத்திசூடி கூறும் நீராடலிலே சனி என்பது கிழமையோ, ஊற்று நீரோ என்று பண்டிதர்கள் நெடுங்காலம் வாதித்தனர். பொடுகுக்காரன் எக்கிழமையில் முழுகினாலும் எண்ணெயைக் குறைத்துக்கொள்வானாக.) காலை வெயில் சிறிது படுதலும், கடும் வெயிலுக்குக் குடை பிடித்தலும், உறக்கமும் தண்ணீரும் பற்றி விரிக்கவேண்டியதில்லை, யாவரும் அறிவர், சிலர் செய்வர்.

இங்கே தமிழாசிரியர்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு வேலை உண்டு. குப்பியின்மேல் எழுதியதை வாசிக்கக் கற்பிப்பது ஒன்று. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் இருந்து வைத்தியம் கற்பித்த கிறீன் வைத்தியர், உடற்கூற்றையும் இரண வைத்தியத்தையும் பிரசவ வைத்தியத்தையும் தமிழிலேயே கற்பித்து நூலாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் சத்திரவைத்தியத்தைத் தாங்கிய மொழி, இன்று ஒரு முகப்பூச்சின் சேர்மானத்தைத் தாங்காதா? 1987 இன் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. கடையிலே விற்கும் பூச்சின் பெயர் பெரிய தமிழெழுத்திலும், அதன் உட்பொருள் எறும்பு போன்ற அயலெழுத்திலும் இருப்பது தற்செயலன்று. கலோமல், பாதரசக் குளோரைட்டு, அமோனியமேற்றிய பாதரசம், பாதரச அயடைட்டு என எப்பெயர் காணினும் அதனை வைத்துவிட வேண்டும். எப்பெயரும் இல்லாதபோது வேறோர் அடையாளம் உண்டு: பொன், வெள்ளி, அலுமினியம், நகை இவற்றிற் படாமற் பூசுக என்று எழுதியிருந்தால், உள்ளே பாதரசம் இருக்கலாம் என ஐயுற வேண்டும். பாதரசம் பொன்னோடு கலந்து அதை வெளுக்கும். தாலிக்கொடிக்கு ஆகாது என்று விற்பவனே எச்சரிக்கும் பொருளை, அத்தாலி கிடக்கும் கழுத்துக்குப் பூசுவது என்ன துணிவு!

மற்றது சொல்லைப்பற்றிய வேலை. 1975 முதல் இந்தியாவிற் பேர்பெற்ற 'ஃபேர் அன்ட் லவ்லி' என்னும் கிறீமின் பெயரை 2020 இலே 'குளோ அன்ட் லவ்லி' என மாற்றினர். அதிற் பாதரசம் உண்டு என்பது நம் கருத்தன்று. பெயர்பற்றியதே ஈண்டுப் பேச்சு. வெண்மை என்னும் சொல் வெட்கம் தருவது என்று வணிகர்க்கே தெரிந்துவிட்டது. நமக்கு இன்னும் தெரியவில்லை. பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பகுதியிலே 'நிறமான' என்னும் அடையை இனி ஏற்கமாட்டோம் என்று ஒரு பத்திரிகை அறிவித்தால், ஓர் இழப்பும் நேராது. இதனை எழுதும் இப்பத்திரிகையின் ஆசிரியரும் அதனை எண்ணிப்பார்ப்பாராக. வகுப்பறையிலே 'கறுவல்' என்று ஒரு மாணாக்கனைப் பெயரிட்டு அழைக்கும் ஆசிரியர், அது செல்லப்பெயர் என்பர். அப்பெயரால் அழைக்கப்படும் பிள்ளை மாலையிலே எந்தக் கடைக்குப் போகின்றது என்று அவர் ஒருநாள் பார்த்துவரலாம்.

பூசி வந்தவர்கள் அஞ்சி ஒளிக்கவேண்டியதில்லை. முதலில் நிறுத்துக. முகமோ காலோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், கைந்நடுக்கம் கண்டால், உறக்கம் கெட்டால், குப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்க. சிறுநீரிலுள்ள பாதரசத்தை அளந்தறிய முறை உண்டு. ஸ்ரெரொயிட் கலந்த கிறீமை நெடுநாட் பூசியவர், நிறுத்தும் முறையை அவரிடமே கேட்டு நிறுத்துக. முகம் துடைத்த துவாயும் தலையணை உறையும் வீட்டிலுள்ள சிறு குழந்தைக்கும் நஞ்சை ஏற்றும். ஆதலின் அவற்றையும் புறம்பாக வைக்க. எஞ்சிய குப்பியை நெருப்பிலே போடலாகாது. பாதரசம் ஆவியாகி மூச்சோடு செல்லும். ஒரு பையிலிட்டு இறுகக் கட்டிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி ஒப்படைக்க. கிணற்றடியிலே வைத்து அலசி ஊற்றிவிடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றியது கீழே வடிந்து, நாம் அள்ளிக் குடிக்கும் அதே கிணற்றுக்கு வந்துசேரும்.